இறங்க மட்டுமே தெரிந்தவன்

ஏறக்குறைய பத்து ஆண்டுகள் நான் பெங்களூரின் உயரமான கட்டடங்களுக்கு வெளியே தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைத்தேன். எலக்ட்ரானிக் சிட்டி, ஒயிட்ஃபீல்டு, ரிங் ரோடு என்று கண்ணாடியால் கட்டிய ஆபீஸ்கள் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் இறங்கியிருக்கிறேன். இறங்கியிருக்கிறேன் என்பதுதான் சரியான சொல். காலையில் சர்வீஸ் லிஃப்டில் மொட்டை மாடிக்குப் போவோம். இரும்புக் கொக்கிகளில் இரண்டு கயிறுகளைக் கட்டுவோம். ஒன்றில் உட்காரும் பலகை, இன்னொன்று முதல் கயிறு அறுந்தால் பிடித்துக்கொள்ள. பிறகு சோப்புத் தண்ணீர் பக்கெட்டைப் பக்கத்தில் தொங்கவிட்டுக்கொண்டு மாடி மாடியாகத் தரைக்கு வருவோம். தரை வந்ததும் டீ. மறுபடி லிஃப்ட்.

பயம் முதல் மாதத்திலேயே போய்விட்டது. மற்றவர்களுக்கு பஸ் ஸ்டாண்டு எப்படியோ அப்படித்தான் எனக்கு உயரம். தினமும் நிற்கும் இடம். சந்தாபுராவில் நாங்கள் குடியிருந்த தெருவில் என்னைக் 'கயித்து வேலைக்காரர்' என்று சொல்வார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

எங்கள் கம்பெனி ஒரு சமயம் இரண்டு நாள் மீட்புப் பயிற்சி வைத்தது. தொங்கிக்கொண்டிருக்கும்போது ஒருவன் மயங்கிவிட்டால் இன்னொருவன் போய் அவனை எப்படிக் கீழே கொண்டுவருவது என்று கற்றுக்கொடுக்க மலையேற்ற வழிகாட்டிகள் மூன்று பேர் வந்தார்கள். அவர்களுக்குத் தலைமை ஒரு பெண். துமகூரு பக்கம் சொந்த ஊர். கன்னடம் கலந்த தமிழ் பேசினார். கோடையில் இமயமலைப் பனிச்சிகரங்களுக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவதும், மற்ற மாதங்களில் பெங்களூரைச் சுற்றியுள்ள பாறைகளில் ஏறக் கற்றுக்கொடுப்பதும்தான் அவருடைய முழுநேர வேலை. இப்படி ஒரு வேலை இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

இரண்டாம் நாள் மதியம் நான் போட்ட முடிச்சுகளைக் குனிந்து பார்த்தார்.

"சக்கத்தா, சூப்பரா இருக்கு அண்ணா. பாறை ஏறியிருக்கீங்களா?"

"ஏழு வருஷமா உயரத்துலதான் இருக்கேன் மேடம்."

"அது கேக்கல. ஏறியிருக்கீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். "லிஃப்ட்லதான் மேடம்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ராமநகரத்தில் வகுப்பு நடக்கிறது, கயிறு கட்ட நம்பகமான ஒரு கை வேண்டும், நீங்கள் வந்து கட்டிக்கொடுத்தால் வகுப்பிலும் சேர்ந்துகொள்ளலாம் என்றார். மேடம் என்று மட்டும் கூப்பிடக் கூடாதாம். அன்றிலிருந்து நான் அவரை அக்கா என்றேன், அவர் என்னை அண்ணா என்றார். எங்களில் யார் மூத்தவர் என்று இன்று வரை இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிறு காலை முதல் பஸ்ஸைப் பிடித்து மெஜஸ்டிக் போய், அங்கிருந்து மைசூரு ரயிலில் ராமநகரத்தில் இறங்கினேன். ஊருக்கு வெளியே பாறைகள் யானைக் கூட்டம் படுத்திருப்பது போலக் கிடந்தன. பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள், பெரும்பாலும் ஐ.டி.க்காரர்கள். நான் உச்சிக்குப் பின்பக்கமாகப் போய்க் கயிறுகளைக் கட்டி இரண்டு நிமிடத்தில் சர்ரென்று இறங்கி வந்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். மனசுக்குள் பெரிய ஆளாகிவிட்டேன்.

பிறகு என் முறை வந்தது. ஏற வேண்டும்.

கயிற்றின் ஒரு முனை என் இடுப்பில். அது மேலே போய்த் திரும்பி, கீழே நிற்கும் அக்காவின் கையில். நான் பாறையில் கிடைத்த விளிம்பைப் பிடித்து என்னை இழுத்தேன். இன்னொரு விளிம்பு, இன்னொரு இழுப்பு. இரண்டு ஆள் உயரம் போவதற்குள் முன்கை இரண்டும் கல்லாகிவிட்டன. விரல்கள் தாமாகத் திறந்துகொண்டன. கயிற்றில் ஊஞ்சல் மாதிரி ஆடினேன். மறுபடி முயன்றேன், அதே இடத்தில் விழுந்தேன். மூன்றாவது முறையும் அப்படித்தான்.

எனக்கு அடுத்து ஏறியது மூக்குக் கண்ணாடி போட்ட ஒல்லியான பெண். அன்று காலைதான் முதல்முறையாகப் பாறையைத் தொடுகிறேன் என்று சொன்னவள். அவசரமே இல்லாமல், எங்கே காலை வைப்பது என்று பார்த்துப் பார்த்து, உச்சி வரை போய்விட்டாள். அன்று மாலை ரயிலில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

அக்கா அதற்குள் என் குறையைக் கண்டுபிடித்துவிட்டார். அடுத்த வாரம் என்னைத் தனியாக, கூரை மாதிரிச் சாய்ந்த ஒரு பாறைக்குக் கூட்டிப்போனார்.

"நீங்க கயித்த நம்புறீங்க அண்ணா. ஏழு வருஷமா அது உங்களத் தாங்கிச்சு, சரி. இங்க கயிறு விழுந்தா பிடிக்கிறதுக்குத்தான். ஏத்திவிடாது. கைய ரெண்டும் பின்னாடி கட்டிக்குங்க."

"கை இல்லாமயா?"

"கை இல்லாம. கால்ல நில்லுங்க."

கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு அந்தச் சரிவில் ஏறத் தொடங்கினேன். ரப்பர் அடி வைத்த ஷூவைப் பாறையில் முழு எடையோடு அழுத்தினால்தான் பிடிக்கும். பயந்து மெல்ல வைத்தால் வழுக்கும். இது தலைகீழாக இருந்தது எனக்கு. ஐந்தாறு முறை சறுக்கி முழங்கால் தோல் போயிற்று. ஏழாவது முறையா எட்டாவது முறையா நினைவில்லை, திடீரென்று உள்ளங்காலுக்குக் கீழே பாறை என்னைத் திருப்பித் தள்ளுவதை உணர்ந்தேன். நின்றேன். அடுத்த அடி. அதற்கடுத்த அடி. முப்பதடி உயரச் சரிவை, கை படாமல், மூச்சு வாங்காமல் நடந்து முடித்தேன். உச்சியில் நின்று திரும்பிப் பார்த்தபோது அது ஏதோ சின்ன மேடுதான். ஆனால் என் காலால் நான் போய்ச் சேர்ந்த முதல் உயரம் அது. வீடு வரும் வரை என் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் இதற்கு அவ்வளவு வரவேற்பு இல்லை. என் மனைவி பொம்மசந்திராவில் ஒரு கார்மெண்ட்ஸ் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். புதிதாகச் சேரும் பெண்களுக்குத் தையல் மெஷினைப் பழக்குவது அவள் வேலை. எங்கள் இருவருக்கும் சேர்ந்தாற்போலக் கிடைப்பது ஞாயிறு மட்டும்தான்.

"வாரத்துல ஒரு நாள் ரெண்டு பேரும் வீட்ல இருக்கோம். அந்த ஒரு நாளும் கயிறா?" என்றாள்.

"அங்க நான் மேல போறேன்" என்றேன்.

என் முழங்காலில் சுற்றியிருந்த கட்டுத்துணியைப் பார்த்தாள். "போறதுன்னா ஒழுங்காப் போங்க. அரை மனசோட போயி விழுந்து வெக்காதீங்க" என்றாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் டிபன் பாக்ஸ் கட்டப்பட்டிருக்கும்.

இரண்டு ஆண்டுகளில் நான் நன்றாகவே ஏறினேன். அடிப்படை வகுப்பு, அதற்கு மேல் வகுப்பு, முதலுதவி, குழுவை மலைக்கு நடத்திச் செல்லும் பயிற்சி என்று ஒவ்வொன்றாக முடித்தேன். பிறகு அக்கா என்னை வழிகாட்டித் தேர்வுக்கு அனுப்பினார். அதில் தேறினால் சொந்தமாக ஒரு குழுவைப் பொறுப்பேற்று அழைத்துப் போகலாம். தேர்வாளர் இமாச்சலத்திலிருந்து வந்தவர். நரைத்த மீசை, வெயிலில் கறுத்த முகம், அளந்த பேச்சு.

முடிச்சு, மீட்பு, ஏற்றம் எல்லாவற்றிலும் என்னைக் குறை சொல்ல முடியவில்லை. மறுநாள் ஆறு பேர் கொண்ட குழுவை என்னிடம் விட்டார்கள். நான் ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்த இங்கிலீஷ் பேச்சு இரண்டாவது வாக்கியத்தில் காணாமல் போனது. அதையாவது மன்னித்திருப்பார்கள். பாறையில் பாதி ஏறிய ஒருவர் கை நடுங்கி நின்றுவிட்டார். நான் கீழேயிருந்து, "ட்ரஸ்ட் யுவர் ஃபீட் சார், ட்ரஸ்ட் யுவர் ஃபீட்" என்று நான்கு முறையோ ஐந்து முறையோ கத்தினேன். அவர் என்னை வெறித்துப் பார்த்துவிட்டு, "இறக்கிவிடுங்க" என்றார். இறக்கிவிட்டேன். அவர் அன்று மறுபடி ஏறவில்லை.

தேர்வாளர் இந்தியில் ஒரே வரி சொன்னார். அக்கா அதை எனக்குத் தமிழில் சொன்னார். "கயிறு தெரியுது, மனுஷன் தெரியலன்னு சொல்றார் அண்ணா. ஆறு மாசம் கழிச்சு வரச் சொல்றார்."

அன்று சாயங்காலம் வீட்டில் தோற்றுவிட்டதைச் சொன்னேன். மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டே நடந்ததை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினாள்.

"அந்த ஆளு நடுங்கிட்டு நிக்கறப்போ நீங்க என்ன கேட்டீங்க?"

"கேக்கல. கால நம்புங்கன்னு சொன்னேன்."

"எத்தன தடவ?"

"நாலஞ்சு தடவ."

கத்தியைக் கீழே வைத்தாள். "எங்க லைனுக்கு மொத நாள் வர்ற பொண்ணுகிட்ட நான் தைக்கவே சொல்லமாட்டேன். ஓடற மெஷின் பக்கத்துல சும்மா உக்காருன்னு சொல்லுவேன். அந்தச் சத்தம் பழகணும்ல? அப்புறம் நூலே கோக்காம வெறும் பேப்பர் மேல ஓட்டச் சொல்லுவேன். ஊருல நீ என்ன செஞ்சிட்டிருந்தன்னு கேப்பேன். கோலம் போடுவேன்னு சொல்லுவா. அதே கோடுதான்டி இதுவும், கைக்குப் பதிலா மெஷின் போடுதுன்னு சொல்லுவேன். அவளுக்கு ஏற்கெனவே தெரிஞ்சது ஒண்ணு இருக்கும்ங்க. அத எடுத்து அவ கையிலயே குடுக்கணும். நீங்க உங்களுக்குத் தெரிஞ்சதயே அந்த ஆளு தலையில போட்டிருக்கீங்க."

சொல்லிவிட்டு மறுபடி பீன்ஸை எடுத்துக்கொண்டாள். பன்னிரண்டு வருடமாக அந்த வேலையை அவள் செய்துவருகிறாள். அது என்ன வேலை என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

அந்த ஆறு மாதமும் நான் ஏறுவதைக் குறைத்துக்கொண்டு, ஏற வந்தவர்களைப் பார்த்தேன். பயந்தவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கேள்வி கேட்டேன். கொஞ்சம் தமிழ், கொஞ்சம் கன்னடம், வாய்க்கு வந்த இங்கிலீஷ். எதுவாக இருந்தாலும் ஆட்கள் பதில் சொன்னார்கள்.

இரண்டாவது தேர்வு ஒரு பெரிய பாறைக் குன்றில். ஒரே கயிற்று நீளத்தில் உச்சிக்குப் போக முடியாது. மூன்று கட்டங்களாகப் போக வேண்டும், இடையில் இரண்டு திட்டுகளில் நின்று. எனக்குக் கொடுத்த குழுவில் மூன்று பேர். அவர்களில் ஒருவர் விவேக் நகரைச் சேர்ந்த கணக்கு டீச்சர். ஐம்பது தாண்டியவர். பள்ளியில் பசங்களை ட்ரெக்கிங் கூட்டிப்போகப் போகிறார்கள், அதற்கு முன் தானும் கற்றுக்கொள்ளலாம் என்று சேர்ந்தவர். முதல் கட்டத்தைச் சிரித்துக்கொண்டே ஏறிவிட்டார். இரண்டாவது திட்டு வந்தபோது கீழே பார்த்துவிட்டார்.

அந்தத் திட்டு பஸ் சீட் அளவுதான். டீச்சர் பாறையோடு முதுகை ஒட்டி உட்கார்ந்துவிட்டார். உதடு வெளுத்திருந்தது. மற்ற இருவரும் பக்கத்தில் பத்திரமாகக் கட்டப்பட்டு நின்றார்கள். தேர்வாளர் தனிக்கயிற்றில் சற்றுத் தள்ளித் தொங்கியபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மைசூரு பக்கத்து வானத்தில் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

"என்னால முடியாது தம்பி. எறக்கி விட்டுருங்க."

மேகத்தைப் பார்த்தேன். காற்று இன்னும் எங்கள் பக்கம் திரும்பவில்லை. "எறக்கிடலாம் டீச்சர். எப்ப வேணா எறக்கிடலாம், கயிறு ரெடியா இருக்கு. கால் மணி நேரம் பொறுத்துப் பாப்போம். அப்பவும் வேணாம்னு தோணுச்சுன்னா எல்லாரும் சேர்ந்தே எறங்கிடுவோம், ஒரு தப்பும் இல்ல" என்று சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த வாக்கியத்தைச் சொல்லும்போதே என் தேர்வு கையைவிட்டுப் போகலாம் என்று தெரிந்தது. இருந்தாலும் அதுதான் சரி.

தண்ணீர் கொடுத்தேன். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். ஆப்பம் என்றார். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வந்ததால் மாதா கோயிலில் இன்றைக்குப் பாட்டுக் குழுவில் தான் இல்லை என்று குறைபட்டுக்கொண்டார்.

"பாடுவீங்களா டீச்சர்?"

"முப்பது வருஷமா. மேல மாடத்துலதான் நின்னு பாடுவோம்."

"மாடத்துக்கு எப்படிப் போவீங்க?"

"மரப்படி இருக்கு. ரொம்பக் குறுகல். செங்குத்தா இருக்கும்."

"புடவையோடவா ஏறுவீங்க?"

"வேறெப்படி? ஞாயித்துக்கிழமை புடவதான்."

"கைப்பிடி இருக்கா?"

"இருக்கு, பிடிக்க முடியாதே. ரெண்டு கையிலயும் பாட்டுப் புஸ்தகம் அடுக்கி இருக்கும்."

நான் அவர் கால்களைப் பார்த்தேன். டீச்சர் என்னைப் பார்த்தார். பிறகு தன் கால்களைப் பார்த்தார். கணக்கு டீச்சர் அல்லவா, விடையை அவரே போட்டுவிட்டார்.

"அப்போ நான் முப்பது வருஷமா கை இல்லாமதான் ஏறிட்டிருக்கேனா?"

"முப்பது வருஷமா, புடவையோட, புஸ்தகத்தோட" என்றேன்.

எழுந்து நின்றார். நான் முதலில் ஏறி மேலேயிருந்து அவர் கயிற்றை இழுத்துப் பிடித்தேன். அங்கிருந்து அவர் முகம் தெரிந்தது, வாய் அசைந்துகொண்டிருந்தது. முதலில் ஜெபம் என்று நினைத்தேன். பாட்டு. தாளத்துக்கு ஒரு அடி, தாளத்துக்கு ஒரு அடி. நடுவில் ஒரு இடத்தில் இடது கால் வழுக்கி அரை அடி சரிந்தார். கயிறு இறுகியது. நான் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன். அவரோ அண்ணாந்து, "கயிறு பிடிச்சிருச்சே தம்பி!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தொடர்ந்தார்.

உச்சியில் வந்து நின்றபோது டீச்சர் அழவில்லை, சிரிக்கவும் இல்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, வகுப்பில் சத்தம் போடுகிற பசங்களைப் பார்ப்பதுபோல், சுற்றியிருந்த அத்தனை மலைகளையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். மற்ற இருவரும் மேலே வந்ததும் பின்பக்க நடைபாதை வழியாக எல்லோரையும் இறக்கினேன். கீழே ஜீப்பை அடைந்தபோதுதான் முதல் தூறல் விழுந்தது.

தேர்வாளர் திட்டில் நாங்கள் பேசியதை மற்ற இருவரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டு என்னிடம் வந்தார். கயிற்றைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எறங்கிடலாம் என்று அந்த அம்மாவிடம் முதலிலேயே ஏன் சொன்னாய் என்று இந்தியில் கேட்டார். "எறங்கலாம்னு தெரிஞ்சாத்தான் சார் ஏற முடியும்" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். இலக்கணம் எப்படி இருந்ததோ, அவர் என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார். அவருக்குப் பின்னால் அக்கா ஹெல்மெட்டைத் தூக்கி மேலே எறிந்து பிடித்தார்.

அடுத்த மாதம் கண்ணாடி வேலையை விட்டேன். இப்போது எனக்கு இதுதான் தொழில். பாறை வகுப்பு, வார இறுதி மலைநடை, ஆண்டுக்கு ஒருமுறை அக்காவோடு பனிமலை. பனியில் நடக்க முதல்முறை போனபோது நானும் குழந்தை மாதிரி விழுந்து எழுந்தேன் என்பது வேறு கதை.

நான் சொல்ல வந்ததில் கடைசியாக ஒன்று மீதி இருக்கிறது. போன தைப் பொங்கல் விடுமுறைக்கு முன் என் மனைவி தன் லைனில் வேலை செய்யும் பன்னிரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு வகுப்புக்கு வருவதாகச் சொன்னாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அத்திபெலே, சந்தாபுரா, ஆனேக்கல் என்று பல இடங்களிலிருந்தும் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள், சுடிதாரும் அண்ணன் தம்பிகளின் டிராக் பேன்ட்டுமாக. முந்தின நாள் வரை தொழிற்சாலையில் உட்கார்ந்தே வேலை செய்த கால்கள். முதல் ஒரு மணி நேரம் யாரையும் ஏறச் சொல்லவில்லை. பாறைமேல் சும்மா உட்காருங்கள், கையால் தடவிப் பாருங்கள் என்றேன். என் மனைவி என்னைப் பார்த்து ஒரு புருவத்தை உயர்த்தினாள்.

முதலில் ஏறியது அவள்தான். மற்றவர்களை ஏறச் சொல்லிவிட்டுத் தான் ஒதுங்கி நிற்பது அவள் பழக்கம் இல்லை. கயிற்றின் இந்த முனையை நான் பிடித்திருந்தேன். எத்தனையோ பேரைப் பிடித்த கை, அன்று முடிச்சை இரண்டு முறை சரிபார்த்தது. நான் காட்டிய வழியில் அவள் போகவில்லை. வலது பக்கம் ஒரு வெடிப்பைக் கண்டுபிடித்து, அதில் காலை ஓரமாகச் செருகி, தானாக ஒரு பாதை போட்டுக்கொண்டு போனாள். பாதியில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினாள்.

"எப்படி இருக்க?" என்று கேட்டேன்.

"பேசாதீங்க, வேலையா இருக்கேன்" என்றாள்.

அதற்கு மேலே பாறை உப்பி மறைத்துவிட்டதால் அவளை என்னால் பார்க்க முடியவில்லை. கயிறு மட்டும் என் கைகளுக்கிடையே கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வந்தது. கொஞ்ச நேரம் அசையவே இல்லை. கீழே பன்னிரண்டு பெண்களும் அண்ணாந்து நின்றார்கள். கயிறு மறுபடி அசைந்தது, ஒரு முழம், இரண்டு முழம், பிறகு ஒரேயடியாக லேசாயிற்று.

உச்சியின் விளிம்பில் ஹெல்மெட் போட்ட ஒரு தலை எட்டிப் பார்த்தது. மெஷின்களின் இரைச்சலுக்கு மேல் கேட்கும்படி பழக்கப்பட்ட அந்தக் குரல் பாறையெல்லாம் மோதி இறங்கி வந்தது.

"மேல எடம் நெறைய இருக்குடி! ஒவ்வொருத்தியா வாங்க!"

பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் கயிற்றை நோக்கி ஓடி வந்தார்கள். வரிசையில் நிற்க வைப்பதுதான் அன்றைக்கு எனக்கு மிகவும் கஷ்டமான வேலையாக இருந்தது.